பால் வாளி கட்டிய ஆய்வுக்கூடம்

மாணவர்களே, அறிவியல் ஆய்வுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நுண்ணோக்கி, இரசாயனப் பொருள்கள், பரிசோதனை நிலம், ஆய்வாளரின் சம்பளம் என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். விடை கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாத ஒரு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் போட யார் முன்வருவார்கள்?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை காணப்பட்டது. ஈப்போவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவேளை உங்கள் தாத்தா பாட்டியின் உழைப்புக்கும் உண்டு.

கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள்

பால்மரம் இந்த மண்ணில் தோன்றியதன்று. அது அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்கால மரம் ஒன்றை இன்றும் அவ்வூரில் பார்க்கலாம்.

மரம் வந்துவிட்டது. ஆனால், அதைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி? சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி இதற்கு வழி கண்டார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் கேம்பியம் என்ற வளர்படலத்தைத் தொடக்கூடாது. அப்படிச் செய்தால் பட்டை மறுபடியும் வளரும், அதே மரத்தைப் பல ஆண்டுகள் வெட்டலாம்.

தோட்டத்து மக்கள் விடிவதற்கு முன்பே நிரைக்குப் போனதற்கும் அறிவியல் காரணம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் பட்டையிலுள்ள பால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறைந்துவிடும்.

ஒருவரால் முடியாத வேலை

ஒரு பால்மரக் கன்று வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். புதிய இனம் ஒன்றை உருவாக்கி, நட்டு, பல ஆண்டுகள் பால் எடுத்துப் பார்த்து, அது நல்லது என்று உறுதி செய்ய இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். எந்தத் தோட்ட முதலாளி அவ்வளவு காலம் காத்திருப்பார்? காத்திருந்து வெற்றி பெற்றாலும், பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு மொட்டுக் குச்சியை வெட்டிப்போய்த் தன் கன்றில் ஒட்டிக்கொள்ளலாம். செலவு ஒருவருக்கு, பலன் எல்லாருக்கும் என்றால் யாருமே செலவு செய்ய மாட்டார்கள்.

இதற்குத் தீர்வாக 1925-இல் சட்டத்தின் வழி மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அமைக்கப்பட்டது. அதற்கான பணம் ‘செஸ்’ என்ற வரியின் மூலம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின் எடையைக் கணக்கிட்டு ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். பெரிய தோட்டமோ சிறுதோட்டமோ, எல்லாருடைய ரப்பரிலிருந்தும் ஒரு பங்கு ஆய்வுக்குப் போகும். ஆய்வின் முடிவும் எல்லாருக்கும் பொது. சுங்கை பூலோவில் பெரிய பரிசோதனை நிலையம் உருவானது.

இந்த வரியைக் கட்டியவர்கள் ஏற்றுமதியாளர்கள். பால் வெட்டியவர்கள் அல்லர். ஆனாலும் எடை போடப்பட்ட ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவர் மங்கிலிருந்து வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கி வந்த பால்தான்.

அந்தப் பணம் என்ன செய்தது?

முதலாவது, மரம் மாறியது. ஆய்வாளர்கள் ஒரு மரத்தின் மகரந்தத்தைக் கையால் எடுத்து இன்னொரு மரத்தின் பூவில் சேர்த்தார்கள். பிறந்த கன்றுகளில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, மொட்டு ஒட்டும் முறையில் பெருக்கினார்கள். இப்படிப் பெருக்கிய மரங்கள் எல்லாம் ஒரே மரபணுக்களைக் கொண்டவை; இவற்றைக் ‘குளோன்’ என்கிறோம். பழைய காலத்து விதை மரங்கள் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோ ரப்பர் தந்தன. நல்ல குளோன்கள் 1,500 கிலோவுக்கு மேல் தந்தன. இவற்றில் புகழ்பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. இன்று நம்மைவிட அதிகமாக ரப்பர் உற்பத்தி செய்யும் தாய்லாந்தில் மிகப் பரவலாக நடப்பட்ட இனமும் இதுதான்.

இரண்டாவது, தரம் மாறியது. முன்பு புகையில் காய வைத்த ரப்பர் தகட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற தர முறை வந்தது. அழுக்கு, சாம்பல் போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரச் சான்று தரும் முறை அது. வாங்குபவர் பொருளைப் பார்க்காமலே நம்பி வாங்க முடிந்தது.

மூன்றாவது, பூகம்பம். நம் நாட்டு ரப்பர் பணத்தில் இங்கிலாந்திலும் ஓர் ஆய்வுக்கூடம் இயங்கியது. இன்று அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். அங்கே அதிர்வை விழுங்கும் ஒரு வகை இயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். ரப்பரையும் எஃகுத் தகட்டையும் மாறி மாறி அடுக்கித் திண்டுகள் செய்து, கட்டடத்தின் அடியில் வைத்தால், நிலம் வேகமாக ஆடும்போது கட்டடம் மெதுவாக அசையும். அதிர்வு ஆற்றலில் ஒரு பகுதி ரப்பரில் வெப்பமாக மாறிவிடும். 1985-இல் கலிஃபோர்னியாவில் கட்டப்பட்ட ஒரு நீதிமன்றக் கட்டடம் இத்தகைய 98 திண்டுகளின் மேல் நிற்கிறது. அமெரிக்காவில் இம்முறையில் எழுந்த முதல் கட்டடம் அதுவே.

ரப்பர் வெப்பமாவதை நீங்களே சோதிக்கலாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். இலேசான சூடு தெரியும்.

பலன் யாருக்கு?

இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. எத்தெஃபோன் என்ற மருந்தைப் பட்டையில் தடவினால், அது எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பாலை அதிக நேரம் ஓட வைக்கும். இதனால் குறைந்த நாள்கள் வெட்டி நிறைய பால் எடுக்கலாம். மரத்துக்கும் நிர்வாகத்துக்கும் இது நல்லது. ஆனால், ஒவ்வொரு நாள் வேலையையும் நம்பியிருந்த குடும்பத்துக்கு? பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்கள் காலியாயின. மக்கள் ஈப்போவுக்கும் மற்ற நகரங்களுக்கும் பிழைப்புத் தேடி வந்தார்கள்.

இதற்காக ஆய்வே தவறு என்று சொல்லிவிட முடியாது. அறிவியல் தனக்குக் கொடுக்கப்பட்ட கேள்விக்கு விடை தேடும். ‘மரம் எப்படி அதிகப் பால் தரும்?’ என்று கேட்டால் அதற்கு விடை தரும். ‘வெட்டுபவரின் வாழ்க்கை எப்படி உயரும்?’ என்பது வேறு கேள்வி. அதையும் யாராவது கேட்க வேண்டும். ஆகவே, ஆய்வுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம்.

இன்று

1998-இல் ஆய்வுக் கழகமும் வேறு இரு ரப்பர் அமைப்புகளும் ஒன்றாகி மலேசிய ரப்பர் வாரியம் ஆயின. செஸ் வரி தொடர்கிறது. மருத்துவக் கையுறை உற்பத்தியில் நாம் உலகில் முன்னணியில் இருக்கிறோம். ஆனால், அதற்கு வேண்டிய பாலில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். இலை உதிர்வு நோய், பால் வெட்ட ஆள் பற்றாக்குறை, பாலிலுள்ள புரதத்தால் வரும் ஒவ்வாமை என்று ஆய்வுக்குரிய சிக்கல்கள் நிறைய உண்டு.

படிவம் 5 வேதியியலில் பாலில் அமிலம் சேர்த்து உறைய வைக்கும் சோதனையைச் செய்வீர்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் பால் துகள்களின் எதிர்மின்னூட்டத்தை நீக்கும். துகள்கள் மோதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து ஸ்டோரில் தினமும் நடந்த வேலையும் இதேதான்.

இனி, ‘ஆய்வுக்கு இத்தனை மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு’ என்ற செய்தி கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது? எந்தக் கேள்விக்கு விடை தேடச் செலவாகிறது? பலன் யாருக்குப் போகிறது? இவற்றைக் கேட்கப் பழகிய ஒருவர் நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தால் நல்லது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கட்டும்.