ரத்தம் அதிகம் வராத காயம்

கிள்ளையை ஒட்டிய பிச்சாவரம் உப்பங்கழியில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில், பெற்றோரைப் பதறவைப்பது ரத்தம் கொட்டும் வெட்டுக்காயமே. ஆனால் அதிகம் ரத்தம் வராமல் உடனே வாய் மூடிக்கொள்ளும் குத்துக்காயத்துக்குத்தான் கூடுதல் அச்சம் தேவை.

வெட்டுக்காயத்தில் முடிவெடுப்பது எளிது. சுத்தமான துணியால், இடையில் எடுத்துப் பார்க்காமல், 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காயத்தின் ஓரங்கள் பிளந்து நின்றாலோ, விரலை மடக்க முடியாமலோ நுனி மரத்தோ போனாலோ, காயம் முகத்தில் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிராய்ப்புக்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்று பெரியவர்கள் கேட்பதும் நியாயமே. மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் சோப்பும் ஓடும் நீரும் போதும்.

குத்துக்காயத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. சுரபுன்னை வேர்களில் ஒட்டி வளரும் சிப்பியின் கூர்விளிம்பும், கெளுத்தி முள்ளும், சேற்றில் புதைந்த ஆணியும் தோலுக்கடியில் ஆழமாக இறங்கி, சேற்றையும் ஓட்டுத் துணுக்குகளையும் உள்ளேயே விட்டுவிடுகின்றன. தசைகளை இறுக்கிக் கொல்லும் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் நோயின் கிருமி, மண்ணில் உறங்கிக் கிடந்து, காற்றுப் புகாத இடத்தில் பெருகுவது. அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றுவதால், அதற்குள் காயம் ஆறி மறந்துபோயிருக்கவும் கூடும். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாவோ இதற்கு நேர்மாறாக, ஓரிரு நாட்களிலேயே சிவப்பையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் பரப்பக்கூடியது. அவை தோன்றினால் மறுநாள்வரை காத்திருப்பது ஆபத்து. காயத்தின் மேல் காபித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பினால், பரவும் சிவப்பு கண்ணில் படாமல் மறைந்துவிடும், உள்ளே இருக்கும் சேறும் வெளியேறாது.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தடுப்பூசி இடைவெளி. தேசிய அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், ஒன்றரை வயதை ஒட்டியும் 5 வயதுக்கு மேலும் டிபிடி ஊக்கத் தவணைகள், பின்னர் 10, 16 வயதுகளில் டிடி ஊசி என ரணஜன்னிக்கான பாதுகாப்பு அமைகிறது. கடைசி இரண்டும் பெரும்பாலும் பள்ளிகளில் போடப்படுவதால், தண்ணீரில் தவழ்ந்து கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப்பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்களில், படிப்பை நிறுத்திவிட்டுப் பெற்றோருடன் கழியில் இறங்கும் பிள்ளைக்கு அவை தவறிப்போக வாய்ப்புண்டு. சேறு படிந்த காயத்தோடு வரும் பிள்ளைக்குக் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மறு ஊசி வேண்டும். முதல் மூன்று தவணைகளே உறுதியாகத் தெரியாவிட்டால், ஊசியுடன் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும் என்பதால், தடுப்பூசி அட்டையையும் பிள்ளையுடன் எடுத்துச் செல்ல வேண்டும்.