ஆரவாரம் முன்னே, பந்து பின்னே

கேபிள் இணைப்பை விட்டுவிட்டு இணையத்திலேயே விளையாட்டு நேரலைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள், எந்த ஓடிடி சேவைக்குச் சந்தா கட்டுவது என்ற கேள்வியைப் பெரும்பாலும் விலையையும், அதனோடு கிடைக்கும் படங்களையும் தொடர்களையும் வைத்தே தீர்த்துக்கொள்கின்றன. திரைப்படத்துக்கு அந்த அளவுகோல் போதும். ஏனெனில் திரைப்படம் முன்கூட்டியே பல தரங்களில் சுருக்கப்பட்டு, பார்ப்பவரின் ஊருக்கு அருகிலுள்ள சர்வர்களில் ஆயத்தமாக இருக்கிறது. ஒருவர் மாலையிலும் மற்றவர் நள்ளிரவிலும் பார்ப்பதால் சுமையும் பரவிவிடுகிறது. நேரலையோ நிகழும் கணத்திலேயே தயாராகி, நாடே ஒருசேரக் கேட்கும் நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஆகவே நேரலைக்கான சேவையைத் தேடுபவர் விலைப்பட்டியலுக்கு முன்னதாக அது இயங்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டிருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒரு தொலைக்காட்சிச் சிக்னலை அனுப்பும்போது, அது நாடு முழுவதன்மீதும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. கீழே பத்து டிஷ்கள் இருந்தாலும் பத்துக் கோடி டிஷ்கள் இருந்தாலும் அனுப்புபவரின் வேலை கூடுவதில்லை. கேபிள் ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமும் பெரும்பாலும் அந்தச் சிக்னலைப் பெற்றே தெருக்களுக்குப் பகிர்கிறது. இணையத்தில் நடப்பது வேறு: பார்வையாளர் ஒவ்வொருவரின் கருவியும் தனித்தனியாகக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகிறது. ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கும், அதே செய்தியை வீடு வீடாகப் போன் போட்டுச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. கூட்டம் பெருகப் பெருக அனுப்புபவரின் பாரமும் பெருகுகிறது. இணைய நேரலையின் குறைகள் பலவும் இந்த ஒரு பண்பிலிருந்தே கிளைக்கின்றன.

அந்தப் பாரத்தின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டார் ஓடிடி சேவையில் உச்ச நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஒரே சமயத்தில் பார்த்தனர். ஒவ்வொருவருக்கும் வினாடிக்குச் சராசரியாக 2 மெகாபிட் தரவு சென்றதாக வைத்துக்கொண்டால், மொத்தம் வினாடிக்கு 118 டெராபிட் ஆகிறது. ஒரு டெராபிட் என்பது லட்சம் கோடி பிட்டுகள். எந்த ஒரு தனி இடத்திலிருந்தும் இவ்வளவு தரவை அனுப்ப இயலாது என்பதால்தான், நகரங்கள்தோறும் இணையச் சேவை நிறுவனங்களின் வலைப்பின்னலை ஒட்டிச் சர்வர்களை நிறுத்தி, மையத்திலிருந்து வரும் காட்சியை அவற்றில் நகலெடுத்து வைத்துப் பகிரும் உள்ளடக்கப் பகிர்வு வலையமைப்புகள் உருவாயின.

இதில் வியப்பான செய்தி, கூட்டம் சேரும்போது மட்டுமன்றிக் கலையும்போதும் ஆபத்து இருப்பதுதான். 2019 ஜூலை 10 அன்று மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா ஆடிய உலகக் கோப்பை அரையிறுதியில், 49ஆவது ஓவரில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆனார். அதே ஆட்டத்தில்தான் ஹாட்ஸ்டாரின் ஒருசமயப் பார்வையாளர் எண்ணிக்கை 2.53 கோடியைத் தொட்டிருந்தது. நம்பிக்கை இழந்த மக்கள் பெருந்திரளாக வெளியேறத் தொடங்கினர். வெளியேறுவதற்குப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் செயலியின் முகப்புப் பக்கம் திறக்கும்; அந்தப் பக்கமோ பரிந்துரைகள், பாதியில் விட்ட படங்கள் எனப் பல தகவல்களைச் சர்வர்களிடம் கேட்கும். காட்சியை அனுப்பும் சர்வர்களுக்குச் சுமை குறையும் அதே நிமிடத்தில் முகப்பைத் தாங்கும் சர்வர்களுக்குச் சுமை பல மடங்காகிறது. அந்நேரம் பார்த்துப் புதிய சர்வர்களை இயக்கத் தொடங்கினால் அவை தயாராவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், ஆட்டம் தொடங்கும் முன்பே தேவைக்கு மேல் சர்வர்களை எழுப்பி வைத்திருப்பதே வழி. இத்தனை ஆயத்தங்களையும் பழகித் தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு போற்றத்தக்கது. படங்களை அனுப்புவதில் உலக அனுபவம் பெற்ற நெட்ஃபிளிக்ஸ், 2024 நவம்பர் 15 அன்று மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச்சண்டையை நேரலையாக வழங்கியபோது, ஒரே சமயத்தில் 6.5 கோடி இணைப்புகள் குவிந்தன. பலருக்குக் காட்சி தடைபட்டு நின்றது. நேரலை என்பது தனித் திறன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது தாமதம். சேவையைத் தேர்ந்தெடுப்போர் பெரிதும் கவனிக்கத் தவறும் இயல்பு இதுவே. செயற்கைக்கோள்வரை சென்று திரும்ப ஒளிவேகத்தில் கால் வினாடியே ஆகிறது. சுருக்குதல் முதலிய வேலைகளைச் சேர்த்தாலும் டிஷ் வைத்திருப்பவர் மைதானத்துக்குச் சில வினாடிகளே பின்தங்குகிறார். இணைய நேரலையோ ஒரே தொடரோட்டமாக வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்னும் முறையிலும், 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியான டேஷ் முறையிலும், காட்சி சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு தனிக் கோப்பாக அனுப்பப்படுகிறது. துண்டு முழுமையாகத் தயாரான பிறகே அது புறப்படும். வந்து சேர்ந்ததும் கருவி அதை உடனே காட்டாமல், வழியில் நெரிசல் ஏற்பட்டாலும் காட்சி அறுந்துவிடாதிருக்க, சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பின்னரே ஓட்டத் தொடங்கும். இந்த முன்சேமிப்பே பஃபர். ஆறு வினாடித் துண்டுகள் மூன்றைச் சேமித்தால் அதிலேயே 18 வினாடிகள் போய்விடுகின்றன. மற்ற வேலைகளையும் கூட்டினால் அரை நிமிடம் நெருங்கிவிடும். ஐபிஎல்லில் ஓர் இன்னிங்ஸை இடைவேளைகள் உட்பட 90 நிமிடங்களில் முடிக்க வேண்டும் என்ற விதிப்படி ஒரு பந்துக்குச் சராசரியாக 40 வினாடிகளுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. அதாவது இணையத்தில் பார்ப்பவர் ஏறக்குறைய ஒரு பந்து பின்தங்கியே இருக்கிறார். டிஷ் உள்ள பக்கத்து வீட்டின் ஆரவாரம் முதலில் வர, சிக்ஸர் பின்னால் வருவதன் காரணம் இதுவே. ஒரே வீட்டில் ஒரே சேவையைப் பார்க்கும் இரண்டு கைபேசிகள்கூட ஒத்துப்போகாதது, அவற்றின் பஃபர்கள் வெவ்வேறாக இருப்பதால்.

துண்டுகளை மேலும் சிறு கூறுகளாக்கி, முழுத் துண்டு முடியுமுன்பே அனுப்பத் தொடங்கும் குறைதாமத முறைகள் 2019 அளவில் உருவாகி, தாமதத்தைச் சில வினாடிகளாகக் குறைக்க வழிசெய்துள்ளன. ஆனால் பஃபர் சுருங்கச் சுருங்க, இணைப்பு சற்றே தள்ளாடினாலும் திரையில் வட்டம் சுழலத் தொடங்கும். வேகமும் உறுதியும் ஒருசேரக் கிடைப்பது அரிது. தனியே அமர்ந்து பார்ப்பவருக்கு உறுதியே மேல் என்று துணிந்து சொல்லலாம். அவர் செய்ய வேண்டியது, மைதானத்திலிருந்து வெறும் எழுத்தாக விரைந்து வந்துவிடும் ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பை நிறுத்தி வைப்பது மட்டுமே.

காட்சித் தரத்தில் விளம்பரங்கள் 4கே என்ற சொல்லை முன்னிறுத்துகின்றன. விளையாட்டுக்கு அதைவிட முக்கியம் வினாடிக்கு எத்தனை படங்கள் காட்டப்படுகின்றன என்பது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து வினாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர் பாய்கிறது. வினாடிக்கு 25 படங்கள் வரும் ஒளிபரப்பில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்துவீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரை அடையும் அரை வினாடியில் பார்வையாளருக்குக் கிடைப்பவை 12 படங்களே. வினாடிக்கு 50 படங்கள் வந்தால் அவை இரட்டிப்பாகி, பந்து குத்தி எழும்பும் இடமும் திரும்பும் கோணமும் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. மேலும், காட்சியைச் சுருக்கும் கோடெக் எனப்படும் கணிப்பு முறை, முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டுமே புதிதாக அனுப்பி இடம் மிச்சப்படுத்துகிறது. செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு அது எளிது. பந்தைத் துரத்திக் கேமரா எல்லைக்கோட்டை நோக்கித் திரும்பும்போது திரை முழுவதுமே மாறுவதால் கோடெக் திணறி, புல்வெளியின் நுண்மையான வரிகள் மறைந்து பச்சைத் திட்டாகத் தெரிகிறது. ஒரு சேவையின் தரத்தைச் சோதிக்க விரும்புபவர் பவுண்டரிக்கு ஓடும் பந்தின் பின்னணியைக் கவனித்தாலே போதும்.

உரிமம் என்பது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட தடை. எந்தப் போட்டி எந்தச் சேவையில் வரும் என்பதைப் பல்லாயிரம் கோடி ரூபாய் ஏலங்கள் தீர்மானிக்கின்றன. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல்லுக்கு, தொலைக்காட்சி உரிமம் 23,575 கோடிக்கும் துணைக்கண்டத்துக்கான இணைய உரிமம் 20,500 கோடிக்கும் வெவ்வேறு நிறுவனங்களிடம் சென்றன. பின்னர் அந்நிறுவனங்களின் ஊடகப் பிரிவுகள் இணைந்து, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. ஃபார்முலா 1 பந்தயங்கள் 2024இல் ஃபேன்கோட் என்ற சேவைக்குச் சென்றன. உரிமங்கள் நாடுவாரியாக விற்கப்படுவதால், சென்னையில் கட்டிய சந்தா டொராண்டோவில் உதவாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்கள் ஐபிஎல்லுக்கு வில்லோ என்ற சேவையை நாடுகிறார்கள். ஒப்பந்தங்கள் இவ்வாறு கைமாறிக்கொண்டே இருக்கையில், ஒரே ஒரு தொடருக்காக ஆண்டுச் சந்தா கட்டுவது பெரும்பாலும் வீண்செலவு. கைபேசிக்கு மட்டுமான மலிவுச் சந்தாவை வாங்கிவிட்டுப் பெரிய திரையில் ஓட்ட முயல்வதும் ஏமாற்றத்தில் முடியும்.

வீட்டு இணைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். வினாடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் காட்சி மணிக்கு 2.25 ஜிபி செலவழிக்கிறது. நான்கு மணி நேரம் நீளும் ஒரு டி20 ஆட்டத்துக்கு 9 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் ஒரு மணி நேரத்துக்கே பற்றாது. பைபர் இணைப்பு இருந்தும் படம் மங்குகிறதென்றால், பல வீடுகளில் குற்றவாளி சுவர்களைத் தாண்டித் தளரும் வைஃபைதான். மோடத்திலிருந்து டிவிக்கு ஒரு லேன் வயரை இழுத்துவிட்டால் அத்தொல்லை தீர்ந்துவிடுகிறது.

இந்திய அணியின் ஆட்டங்களே முதன்மை என்று கருதும் வீடுகளுக்கு, பலர் மறந்துவிட்ட ஒரு வழி இன்றும் திறந்திருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் சிக்னலைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் ஒளிபரப்பாளர்களைப் பணிக்கிறது. அவ்வாறு பகிரப்படும் சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் நேரடி டிஷ் சேவைக்கும் மட்டுமே உரியது, தனியார் கேபிளுக்கு அன்று என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவாக, டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஆட்டம், பணம் கட்டும் கேபிள் சந்தாதாரருக்குத் தூர்தர்ஷன் வழியே கிடைப்பதில்லை. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களும் உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி ஆட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன, ஐபிஎல் இல்லை. மாடியில் ஒரு ஃப்ரீ டிஷ்ஷை நிறுத்திக்கொண்டு, ஐபிஎல் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் குறுகிய காலச் சந்தா கட்டும் குடும்பம் குறைந்த செலவில் பெரும்பாலான கிரிக்கெட்டைப் பார்த்துவிடும். எத்தனை கோடிப் பேர் பார்க்கும் இறுதி ஆட்டமானாலும் அந்த டிஷ்ஷில் நெரிசலால் படம் நிற்கப்போவதில்லை.