அரை மாத்திரைக் கணக்கு

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணியில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்கு முதுகும் முட்டியும் வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் உதிரியாக நாலைந்து மாத்திரை வெட்டித் தருவார்கள். பேரும் தெரியாது, அளவும் தெரியாது.

என் கவலை அதைவிட, அதில் மிஞ்சியதைப் பற்றித்தான். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா அதையே பாதியா உடைச்சுக் கொடுத்துடறாங்க. பெரியவர்களுக்கான மாத்திரைகளில் நிமசுலைடும் பாராசிட்டமாலும் சேர்ந்தது ஒன்று உண்டு. கல்லீரலைக் கெடுக்கும் என்ற பயத்தால், 12 வயதுக்குக் கீழே நிமசுலைடு கொடுப்பதை மத்திய அரசு 2011 பிப்ரவரியில் தடை செய்தது. உதிரி மாத்திரையில் அதெல்லாம் எங்கே எழுதியிருக்கும்? ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது. வைரஸ் காய்ச்சலில் கொடுத்தால், அரிதாகத்தான் என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

பிள்ளைக்கு பாராசிட்டமால் போதும். வயசைவிட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 180. சிரப்பில் "5 மி.லி.க்கு 120 மி.கி." என்றிருந்தால் 5 மி.லி.; 250 என்றிருந்தால் அதில் பாதி. சொட்டு மருந்து இன்னும் கெட்டி, 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப் மாதிரி நினைத்து அதில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., பெரியவர் போடும் முழு மாத்திரை! அடுத்த வேளைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் விட வேண்டும். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மூணு மாசம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தே தேடாதீங்க, நேரே ஆஸ்பத்திரி.

பெரியவர்களுக்கு டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் எல்லாம் நல்லாவே கேட்கும். ஆனால் நாள் முழுக்க வெயிலில் தண்ணி குடிக்காமல் வலை இழுத்துவிட்டு, வெறும் வயிற்றில் தினமும் போட்டால் கிட்னிக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இவை வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். அசெக்ளோஃபினாக் மாத்திரை பலவற்றில் 325 மி.கி. பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கு. அது தெரியாமல் மேலே 650 மாத்திரையும் போடுகிறவர்கள் உண்டு. நாளொன்றுக்கு 4,000 மி.கி. உச்ச வரம்பு, குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதுவே அதிகம்.

உதிரியாக வாங்கினாலும், பேர் அச்சடித்த பக்கமாகப் பார்த்து வெட்டித் தரச் சொல்லுங்க.