கரண்ட் போன கிறிஸ்துமஸ்

"கரண்ட் போனால் என்ன, விசிறியை எடுத்தால் ஆச்சு!" என்போம் நம் ஊரில். பனி ஊரில் அது நடக்குமா?

2013 டிசம்பர் 22 அன்று கனடாவின் டொரான்டோவில், விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. பாரம் தாங்காத கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழ, சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருண்டன. கிறிஸ்துமஸ் கழிந்தும் சில வீடுகளுக்கு வெளிச்சம் வரவில்லை. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊராயிற்றே! அங்குள்ள சகோதரிகளுக்கும், மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்கும் சில யோசனைகள்:

எல்லோரும் ஒரே அறையில் இருங்கள். கதவிடுக்கில் பழைய போர்வையைச் செருகுங்கள். உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம்.

குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்தால், தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் அபாயம் குறையும்.

"குளிர் தாங்கலையே, கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா?" என்று தோன்றும். வேண்டவே வேண்டாம், அம்மா! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். ஜெனரேட்டரும் வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ கூடாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால், குளிரானாலும் சரி, எல்லோரையும் உடனே வெளியே அழைத்துப் போய் உதவி கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்களேன்!