வேகம் இருக்கட்டும், இந்த ரவுட்டருக்கு ஆயுள் எவ்வளவு?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது சிம் லிம் ஸ்குவேர். அங்கே ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தாம்: எத்தனை ஆன்டெனா, எவ்வளவு வேகம், என்ன விலை? இந்தப் பெட்டிக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்பவர் அரிது.

இப்போது பேச்செல்லாம் வேகத்தைப் பற்றியே இருக்கிறது. நாடு முழுவதும் ஓடும் ஃபைபர் கட்டமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 10 கோடி வெள்ளி வரை செலவிடப்போவதாக 2024இல் அரசு அறிவித்தது. 2028க்குள் 5 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வேகம் முக்கியம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1 கிகாபிட் போர்ட் மட்டுமே உள்ள ரவுட்டரில் 10 கிகாபிட் இணைப்பைச் செருகினாலும் 1 கிகாபிட்டைத் தாண்டாது. பாம் ஷெல்டர் உள்ள வீவக வீடுகளில் அந்தத் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை மறித்துவிடும். அங்கே மெஷ் கருவிகள் உதவும். வேகத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

என் கவலை வேறு. 2024 செப்டம்பரில் ஒரு பெரிய போட்நெட் முடக்கப்பட்டது. உரிமையாளர்களுக்கே தெரியாமல் வெளியாள் கைக்குப் போன கருவிகளின் படை அது. உலகெங்கும் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள், கேமராக்கள், சேமிப்புக் கருவிகள் அதில் சிக்கியிருந்தன. சிங்கப்பூரில் மட்டும் சுமார் 2,700. அவை இருந்த வீடுகளில் வைஃபை நின்றுபோயிருக்காது. பாட்டி மதுரையிலிருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசியிருப்பார், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்திருப்பார்கள். ஆபத்தே இதில்தான் இருக்கிறது: அப்டேட் நின்றுபோன ரவுட்டர் பழுதாவதில்லை, நன்றாகவே ஓடுகிறது. அதன் வழியாக யாரோ ஒருவர் எங்கோ ஒரு நிறுவனத்தைத் தாக்கினால், தடம் வந்து நிற்பது உங்கள் வீட்டு இணைப்பில்.

அப்டேட் நிற்பது எப்படி? ரவுட்டருக்குள் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் தயாரிப்பாளர் அடைத்து அனுப்புவார். சில ஆண்டுகளில் அந்த மாடலைக் கைவிட்டுவிடுவார். அதன்பிறகு வெளிப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். தாக்குபவர்களுக்கும் அந்த மாடல்கள் எவை என்று தெரியும். 2025 மே மாதம் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எச்சரித்ததும் இப்படி ஆயுள் முடிந்த ரவுட்டர்களைப் பற்றித்தான்.

சிங்கப்பூர் இதில் பல நாடுகளுக்கு முந்திக்கொண்டது. 2021 ஏப்ரல் 13 முதல் இங்கே விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதாவது, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் கூடாது, பாதுகாப்பு அப்டேட் வர வேண்டும். மொத்தம் நான்கு நிலைகள். முத்திரைக்கும் காலக்கெடு உண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஆனால் 2021 ஏப்ரலுக்கு முன்பே வாங்கி டிவிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் பெட்டியை இந்த விதி எட்டாது. செகண்ட்ஹேண்டில் 20 வெள்ளிக்குக் கிடைப்பதும் அப்படியே. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த ரவுட்டரும் அந்த விதிக்கு உட்பட்டிருக்காது.

ஆகவே கடையில் நிற்கும்போதே கைப்பேசியில் மாடல் எண்ணைத் தட்டி, தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது? ஆதரவு முடியும் தேதி தரப்பட்டிருக்கிறதா? ஒன்றரை ஆண்டாக அசைவே இல்லாத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நேற்றுதான் வந்த புது மாடலுக்காகக் கூடுதலாக 100 வெள்ளி கொடுக்கச் சொன்னால், அந்தப் பணம் வேகத்துக்கு என்று நினைக்காமல் இன்னும் சில ஆண்டு அப்டேட்டுக்கு என்று நினைத்துக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் தானியங்கி அப்டேட்டை இயக்கிவிட்டு, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தனியாக வாழும் மூத்தவர்கள் வீட்டில் இதைச் செய்ய யாரும் இருப்பதில்லை. பிள்ளைகள் தீபாவளிக்குப் போகும்போதாவது பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பழையதை என்ன செய்வது? நம் வீடுகளில் பழைய பொருளைத் தூக்கி எறிய மனம் வராது. அறை எடுத்துத் தங்கியிருக்கும் உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிடுவோம். அங்கே ஒரே ரவுட்டரில் ஏழெட்டுப் பேர் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஆயுள் முடிந்த பெட்டி அந்த அறைக்குப் போகக் கூடாது. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து உள்ளிருக்கும் விவரங்களை அழித்துவிட்டு, மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் ரவுட்டரும் சேரும்.