தறிக்குழியும் சிலிண்டரும்

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டு மீட்டர் தனியா பொதுவா என்றெல்லாம் கேட்பார்கள். ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பமென்றால் தறி போட இடம் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. பிடித்துப்போனால் நல்ல நாள் பார்த்து, விடியற்காலையில் பால் காய்ச்சிக் குடிபுகுவார்கள். அந்தப் பாலுக்காக அவசர அவசரமாக மாட்டப்படுவது சிலிண்டர். முந்தின நாள் குட்டியானை வண்டியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்கி வந்த டியூபை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேஸ் அடுப்பைச் சோதிக்க ஒரு நல்ல நேரம் உண்டென்றால் அது பால் காய்ச்சுவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான்.

நெசவாளர் வீட்டில் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்கிறார். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழி. சமையல் எரிவாயுவில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் புகைபோல மேலே போகாது. சிந்திய தண்ணீர் போலத் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். சின்ன வீடுகளில் தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு வாசற்படிதான் இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. இரவெல்லாம் கசிந்த கேஸ் குழியில் போய்த் தேங்கினால், காலையில் தறியில் உட்காருகிறவரின் கால் அதற்குள்ளும் மூக்கு அதற்கு மேலும் இருக்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் பொருள் இது. திரவமாக இருக்கும்போது ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர். பள்ளமான இடத்திலோ நிலத்தடி அறையிலோ சிலிண்டரை வைக்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தறியறை மூலையில் சிலிண்டர் நிற்கிற வீட்டுக்கும் அது பொருந்தும்.

இந்த வாயுக்களுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. நமக்கு வரும் அழுகிய கோஸ் வாடை, எத்தில் மெர்கேப்டன் என்ற வேதிப்பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். எரிவாயுவில் வாடை சேர்ப்பது சட்டமானது அதற்குப் பிறகுதான். முகம் சுளிக்க வைக்கும் நாற்றத்துக்கு நன்றி சொல்லவேண்டிய இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பத்து நிமிடம். சிவப்பு சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டைத் தகட்டின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்தில் இருப்பது ஆண்டு. அந்த மாதத்துக்குள் அந்த உருளை மறுசோதனைக்குப் போயாக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் கறுப்பாக ஒரு சின்ன வாஷர் தெரிகிறதா பாருங்கள். அது வெடித்திருந்தாலும் காணாமல் போயிருந்தாலும் ரெகுலேட்டர் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. வெயில் நாளில் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை வெறும் 30 கிராமாக அடக்கி அடுப்புக்கு அனுப்புவதுதான் ரெகுலேட்டரின் வேலை.

டியூப் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா குழாயாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும். அதன் ஆயுள் 5 ஆண்டு. தயாரித்த ஆண்டு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன டியூப் நன்றாகத்தானே இருக்கிறது என்று மாட்டாதீர்கள். எலி பல் பட்டதை எண்ணெய்ப் பிசுக்கு மறைத்துவிடும்.

கடைசியாக சோப்புத் தண்ணீர். நெசவு ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை, பட்டு நூலின் பசை போக்க அதைக் கொதிக்க வைத்த பழக்கம் இங்கே உண்டு. நுரையைத் தொட்டு வால்வு, ரெகுலேட்டர், டியூபின் இரு முனைகள் ஆகியவற்றில் தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். எல்லாம் சரியென்றால் பற்றவையுங்கள். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது.

இதையெல்லாம் யார் பார்க்க வேண்டும்? இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டு உரிமையாளர் தாம் பொருத்தித் தந்த கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். நம்மூரில் சிலிண்டரும் அடுப்பும் குடியிருப்பவருடையவை, சுவரும் ஜன்னலும் உரிமையாளருடையவை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, சமையலறைச் சாதனப் பழுதைக் குடியிருப்பவர் தலையிலும் மின்கம்பி மாற்றுவதை உரிமையாளர் தலையிலும் வைக்கிறது. ஏஜென்சி ஆள் 5 ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று விதி உண்டு. அதற்குள் வாடகைக் குடும்பம் இரண்டு வீடு மாறியிருக்கும்! ஆகவே வாடகை வீட்டில் பார்க்க வேண்டியவர் குடிவருகிறவர்தான். அடுப்புமேடைப் பக்கம் ஜன்னல் வைத்துத் தருவதும், தரையோடு காற்றுப் போக வழிவிடுவதும் உரிமையாளர் செய்ய வேண்டியவை.

வீடு மாறும்போது மறந்துபோகிற இன்னொன்று முகவரி. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில், கேஸ் விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் பதிவு செய்த முகவரியில் நடந்தால்தான். பழைய தெரு முகவரியிலேயே புக் செய்து, வண்டிக்காரரிடம் சொல்லி இங்கே இறக்கிக்கொள்கிறவர்கள் பாவுக்கும் தறிக்கும் அந்தக் காப்பீடு வேண்டாம் என்று சொல்வது போலத்தான்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, குழியில் இருப்பவரை முதலில் எழுப்பி எல்லோரும் வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். இரவு பகல் எடுப்பார்கள். அந்த நான்கு எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள். சுவரில் கிறுக்கக்கூடாது என்று உரிமையாளர் சொன்னால், அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.