மாணவர் பதிவேடும் கணினி அறிக்கையும்: சில செய்முறைக் குறிப்புகள்

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகங்களிலே ஒருகாலத்தில் தடித்த பேரேடுகளிற் பேணப்பட்ட மாணவர் விபரங்கள் இன்று பெரும்பாலும் கணினி மென்பொருள்களுக்குட் சென்றுவிட்டன. எழுதுவினைஞர் ஒருவர் பல நாட்கள் இருந்து எண்ணிய கணக்கைத் திரையில் நாலைந்து தெரிவுகளைச் செய்து சில வினாடிகளிற் பெற்றுவிடலாம். இவ்வாறு பெறப்படும் தொகுப்பையே அறிக்கை என்கிறோம். பீடச் சபையிலும் மூதவையிலும் மாணவர் சமுதாயம் பெரும்பாலும் இவ்வறிக்கைகளின் வடிவிலேயே காட்சி தருகின்றது. விடுதி இடங்கள், விரிவுரையாளர் பதவிகள், உதவுதொகைகள் ஆகியன பற்றிய தீர்மானங்களுக்கு இவையே ஆதாரமாகின்றன. ஆதலின், அறிக்கை எடுத்தல் என்பது அலுவலக ஊழியருக்கு மாத்திரம் உரிய தொழில்நுட்பக் கருமம் என ஒதுக்கிவிடத்தக்கதன்று.

எண்கள் நடுநிலையானவை என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், பதிவேட்டில் எவை கேட்கப்பட்டனவோ அவற்றை மாத்திரமே அறிக்கை திருப்பிச் சொல்லும். கேட்கப்படாதவை இல்லாதவையாகவே தோற்றமளிக்கும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தனர். கணினி தரும் அட்டவணையும் ஒரு பாடமே. அது எவ்வாறு உருவாயிற்று என வினவிய பின்னரே அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இந்நோக்கிற் சில செய்முறைக் குறிப்புகளை இங்கு தொகுத்துக் கூறலாம்.

1. கேள்வியை வரையறுத்தல்

“இரண்டாம் வருடத்தில் எத்தனை மாணவர் உள்ளனர்?” என்பது எளிய வினாவாகத் தோன்றும். ஆயின், விடுப்புப் பெற்றிருப்போர் இதில் அடங்குவரா? ஒரு பாடத்தை மாத்திரம் மீண்டும் எழுதுவோர் எவ்வருடத்தைச் சார்ந்தோர்? பதிவுசெய்தபின் விரிவுரைக்கே வராதோரை எவ்வாறு கொள்வது? இவற்றைத் தீர்மானிக்காது அறிக்கையை இயக்கினால், மென்பொருளை அமைத்தவரின் தீர்மானமே நமது தீர்மானமாகிவிடும். எனவே, எவரை, எந்நிலையில் உள்ளோரை, எக்காலத்துக்கு, எத்தேவைக்கு எண்ணுகிறோம் என்பதை முதலில் ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதுதல் நன்று. அவ்வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அறிக்கையில் ஒரு வடிகட்டி இருத்தல் வேண்டும்.

2. ஆளும் பதிவும்

தரவுத்தளத்தில் ஒரு நிரை எப்பொழுதும் ஓர் ஆளைக் குறிப்பதில்லை. அறுபது மாணவர் தலைக்கு நான்கு பாடங்கள் பயின்றால், பாடப்பதிவு அட்டவணையில் 240 நிரைகள் இருக்கும். அவற்றை எண்ணி மாணவர் தொகையெனக் கூறுதல் அடிக்கடி நிகழும் தவறு. பதிவிலக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒருவரை ஒருமுறை மாத்திரம் எண்ணும்படி பணித்தல் வேண்டும். பெயரைக்கொண்டு எண்ணுதல் கூடாது. ஒரே தமிழ்ப்பெயர் ஆங்கில எழுத்திற் பலவாறு எழுதப்படுவதோடு, குடும்பப்பெயருக்குரிய நிரலிற் பெரும்பாலும் தந்தையின் பெயரே இடம்பெற்றிருக்கும். புதிய அறிக்கையை முதலில் நாம் நன்கறிந்த சிறு வகுப்பொன்றுக்கு இயக்கி, கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தகைய பிழைகள் உடனே வெளிப்படும்.

3. திகதியைப் பொறித்தல்

பேரேட்டிற் பழைய பதிவை வெட்டித் திருத்தினாலும் அதன் தடம் எஞ்சும். மென்பொருளிலோ, மாற்றங்களின் வரலாறு தனியாகப் பேணப்படாவிடின், புதியது பழையதை அழித்துவிடும். இன்று எடுத்த அறிக்கையை அடுத்த மாதம் அதே தெரிவுகளுடன் எடுத்தாலும் வேறு எண் வருவது இதனாலேயே. ஒவ்வோர் அறிக்கையின் தலைப்பிலும் எடுக்கப்பட்ட திகதியையும் பயன்படுத்திய வடிகட்டிகளையும் குறித்தல் வேண்டும். ஆண்டுகளை ஒப்பிட விரும்பின், ஒவ்வோர் ஆண்டும் ஒரே கட்டத்தில், உதாரணமாகப் பதிவு முடிவடைந்த நாளில், ஒரு பிரதியை எடுத்து மாற்றமின்றிப் பேணுதல் அவசியமாகும்.

4. வெற்றிடங்கள்

நிரப்பப்படாத கலம் பூச்சியமும் அன்று, “இல்லை” என்ற விடையும் அன்று. மொழிமூலம் என்னும் நிரலில் “தமிழ் அல்லாதோர்” எனத் தெரிவுசெய்தால், மொழிமூலம் பதியப்படாத மாணவரையும் கணினி சேர்த்துக்கொள்ளும் என நாம் எண்ணக்கூடும். பெரும்பாலான தரவுத்தளங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெற்றுக்கலம் எதனோடும் ஒப்பிடப்படாது வெளியே தள்ளப்படும். அதாவது, அம்மாணவர் தமிழ்மூலக் கணக்கிலும் இரார், ஏனைய கணக்கிலும் இரார். எனவே “பதியப்படாதோர்” என்னும் வகையைத் தனியே காட்டி, எல்லா வகைகளின் கூட்டுத்தொகையும் மொத்த மாணவர் தொகைக்குச் சமமாகின்றதா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

5. வகையீடுகளின் வரலாறு

நமது நாட்டில் மாவட்டம் என்ற நிரலுக்குத் தனி வரலாறு உண்டு. 1970களின் முற்பகுதியில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைக்கு வந்தன. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் இன்று 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. இத்துணை முக்கியத்துவம் வாய்ந்த இவ்வகையீடு மாறாததன்று. முல்லைத்தீவும் கம்பகாவும் தனி மாவட்டங்களானது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது 1984இல். 1975ஆம் ஆண்டின் “யாழ்ப்பாணம்” என்பதை இன்றைய “யாழ்ப்பாணம்” என்பதோடு நேராக ஒப்பிடும் அறிக்கை, வளர்ச்சியையோ வீழ்ச்சியையோ காட்டவில்லை. எல்லை மாற்றத்தையே காட்டுகின்றது. குறியீடுகள் எந்த ஆண்டில் எவ்வாறு மாறின என்ற பட்டியல் அறிக்கையோடு இணைந்திருத்தல் வேண்டும்.

6. பகுதியெண் யாது?

அறிக்கைகளிலே சமூகச் சார்பு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இதுவே. நூறு மாணவர் அனுமதி பெற்றனர் எனக் கொள்வோம். இருபதின்மர் இடையில் நின்றுவிட, எண்பதின்மர் பரீட்சை எழுதினர். எழுபத்திருவர் சித்தியடைந்தனர். பரீட்சை எழுதியோரைப் பகுதியெண்ணாகக் கொண்டால் சித்தி வீதம் 90. அனுமதி பெற்றோரைக் கொண்டால் 72. இரண்டும் கணித அளவிற் சரியானவையே. ஆயின், முதலாவது கணக்கில் அந்த இருபதின்மர் இருந்ததற்கான சுவடே இல்லை. அறை வாடகைக்கு வழியின்றியோ, வீட்டாரைத் தாங்க வேலைக்குப் போகவேண்டியிருந்தோ விலகியோர் அவர்களிடையே இருக்கலாம். நிறுவனத்தின் வெற்றியைப் பறைசாற்ற விழையும் அறிக்கை இயல்பாகவே முதலாவது கணக்கை நாடும். இதற்கு மாற்று, ஓர் ஆண்டில் அனுமதி பெற்ற அணியை இறுதிவரை தொடர்ந்து சென்று, ஒவ்வொரு வருட முடிவிலும் கற்போர், விடுப்பிலுள்ளோர், விலகியோர், பட்டம் பெற்றோர் எனப் பிரித்துக் காட்டும் அணிவழி அறிக்கையாகும்.

7. இல்லாத நிரல்

பால், மாவட்டம், மொழிமூலம் என்பவற்றுக்குத் தனி நிரல்கள் உண்டு. வர்க்கத்துக்கு நிரல் இல்லை. நுவரெலியா மாவட்டம் என்ற ஒரே குறியீட்டினுள் நகர வணிகரின் பிள்ளையும், அரச உத்தியோகத்தரின் பிள்ளையும், லயன் அறையிலிருந்து வரும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒன்றாகிவிடுகின்றனர். பெற்றோர் தொழில் கேட்கப்படும் இடங்களிலும் விடையை விரும்பியவாறு எழுதவிட்டால், “தொழிலாளி”, “கூலி”, “தோட்ட வேலை” எனப் பல சொற்களிற் சிதறி எண்ணமுடியாததாகிவிடும். வரையறுத்த தொழிற்பட்டியல் ஒன்றிலிருந்து தெரிவுசெய்யும் முறை இருப்பின், அனுமதியிலும் இடைவிலகலிலும் வர்க்கத்தின் பங்கினை ஆராய இயலும். அது வரும்வரை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவுதொகைக்கும் அளிக்கப்பட்ட குடும்ப வருமான விபரம் ஓரளவு துணைபுரியலாம். எனினும் அவற்றுக்கு விண்ணப்பியாதோரும் உளர் என்பதை மறத்தலாகாது. உதவி மிகத் தேவைப்பட்டோர் சிலரே விண்ணப்பியாது விடுபட்டிருத்தல் கூடும்.

8. வெளியே எடுத்தலும் பகிர்தலும்

அறிக்கையை விரிதாளில் திறக்கும்போது 0072 என்ற பதிவிலக்கம் 72 ஆகிவிடுவதுண்டு. 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண் சுருங்கி விளங்காத வடிவம் பெறும். இவ்விரு நிரல்களையும் எண்ணாகவன்றி எழுத்தாகவே இறக்குமதி செய்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்ப் பெயர்களை யூனிகோட்டுக்கு மாற்றாவிடின், தேடலும் அகரவரிசையும் பயன்தரா.

பகிரும்போது தேவையான நிரல்களை மாத்திரம் அனுப்புதல் முறை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டத்துக்கு அப்பால் அறநெறியும் உண்டு. ஒரு வகுப்பில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர் ஒருவரே எனில், பெயரில்லாத அட்டவணையும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய சிறு தொகைகளை அண்மைய வகையோடு சேர்த்துக் காட்டுதல் தகும்.

மேற்கூறியவற்றுட் பல, பொறுமையொன்றையே வேண்டி நிற்பன. ஆயின், எதனை எண்ணுவது, எவரைப் பகுதியெண்ணாகக் கொள்வது, எந்நிரலைப் பதிவேட்டிற் சேர்ப்பது என்பன அலுவலக அறைக்குள் முடிவுசெய்யப்பட வேண்டியவையல்ல. விரிவுரையாளரும் மாணவர் ஒன்றியங்களும் அவ்விவாதத்திற் பங்குகொள்ளல் வேண்டும். அடுத்த பீடச் சபைக் கூட்டத்திற் சித்தி வீதம் வாசிக்கப்படும்போது, “எத்தனை பேருள்?” என ஒருவர் எழுந்து வினவுவாராயின், அது நல்ல தொடக்கமாகும்.